வளைய வீதியும் விமரிசகர்களும்

நாவலையோ கவிதையையோ பற்றி நாலு பக்கம் எழுதினால் அதற்குத்தான் விமரிசனம் என்று பெயர் என நம்மிடையே ஓர் எண்ணம் இருந்து வருகிறது. ஒரு வீதியை விமரிசனம் செய்யலாமா என்று கேட்டால் சிரிப்பார்கள். செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். வியன்னா நகரத்து வீதி ஒன்றைப் பற்றி வந்த விமரிசனங்களைச் சேர்த்தால் ஒரு புஸ்தக அலமாரி நிரம்பும். அவற்றில் மிகவும் மட்டமான ஒன்று, அந்த வீதியில் கட்டடம் எழுப்பிய ஒரு மனிதனைத் தூக்குக் கயிறு வரையில் கொண்டுபோய் விட்டது.

அந்த வீதிக்கு ரிங்ஸ்ட்ராஸ்ஸே என்று பெயர். வளைய வீதி என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். நான் வியன்னாவுக்குப் போனதில்லை. படங்களையும், நகர வரைபடத்தையும், அந்த ஊர்க்காரர்கள் எழுதிய புஸ்தகங்களையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். பார்க்காத வீதியை விமரிசிக்க உனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர் கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் தினமும் அதில் நடந்தவர்களே அதை எவ்வளவு தவறாகப் பார்த்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

வியன்னா மதிலுக்குள் இருந்த ஊர். 1529ல் துருக்கியர் முற்றுகையிட்டார்கள். 1683ல் மறுபடியும் வந்தார்கள். அந்தப் பயத்தில் மதிலும் கொத்தளமும் அகழியும் பெருத்துக்கொண்டே போயின. மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குறிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு பொட்டல் வெளி. சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் அகலம். அதில் யாரும் வீடு கட்டக் கூடாது. அந்த வெளிக்கு அப்பால்தான் புறநகர்கள். நெப்போலியன் 1805லும் 1809லும் ஊரைப் பிடித்தபோது இந்த மதிலால் காலணா பிரயோஜனம் இருக்கவில்லை. ஆனாலும் மதில் நின்றது. 1848ல் ஊர் ஜனங்களே சக்கரவர்த்திக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அதற்குப் பிறகு ராணுவத்தாருக்கு மதிலின்மேல் புது ஆசை பிறந்தது. துருக்கியர் இனி வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். புறநகர்த் தொழிலாளி வருவானே!

சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் கடைசியில் ராணுவத்தாரின் பேச்சைத் தாண்டினார். 1857 டிசம்பர் 20ந் தேதியிட்ட கடிதம், கிறிஸ்துமஸ் தினத்தன்று சர்க்கார் பத்திரிகையில் வெளிவந்தது. மதிலை இடிக்க வேண்டும், அகழியைத் தூர்க்க வேண்டும், அங்கே ஒரு பெரிய வீதி போட வேண்டும் என்பது ராஜாக்ஞை. அடுத்த வருஷம் திட்டப் போட்டி ஒன்று நடந்தது. 85 திட்டங்கள் வந்தன. மதிலை இடிக்கிற சத்தத்தை வைத்து இரண்டாவது ஜோஹான் ஸ்ட்ராஸ் 1862ல் ஒரு நாட்டியக் கீதமே அமைத்துவிட்டார். 1865 மே 1ந் தேதி சக்கரவர்த்தி வீதியைத் திறந்து வைத்தார். அப்போது பல இடங்களில் வீதி மட்டும்தான் இருந்தது; இரு பக்கமும் வெறும் மனை. அகலம் 57 மீட்டர். முழு வளையமும் அல்ல, லாடம் மாதிரி. டான்யூப் கால்வாய்க் கரை மற்றொரு பக்கத்தை மூடுகிறது. கரையையும் சேர்த்துச் சுற்றினால் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அது ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு. காலி வெளியை மனை மனையாகப் பணக்காரர்களுக்கு விற்றார்கள். வாங்கிக் கட்டுகிறவர்களுக்குப் பல வருஷ வரிவிலக்கு. விற்ற பணத்தை ஒரு நிதியில் போட்டு அதிலிருந்து பொதுக் கட்டடங்களை எழுப்பினார்கள். ராணுவத்தாருக்கும் சமாதானம் செய்தாயிற்று. வீதியின் இரண்டு நுனியிலும் பாளையக் கட்டடங்கள். இத்தனை அகலமான வீதியில் யாரும் தடுப்புப் போட்டுச் சண்டை செய்ய முடியாது என்ற சௌகரியம் வேறு. இன்னொரு ஏற்பாடு, என்னைப் பொறுத்த வரையில் எல்லாவற்றையும்விட அர்த்தம் நிறைந்தது. வளைய வீதிக்கு வெளியே அதை ஒட்டினாற்போல் மற்றொரு வீதி போட்டார்கள். அதற்குச் 'சுமை வீதி' என்றே பெயர். பார வண்டிகள் அதில்தான் போக வேண்டும். உல்லாசமாக நடக்கிறவர்களின் கண்ணில் செங்கல் வண்டியும் கரி வண்டியும் படக் கூடாது.

வீதியில் முதலில் எழுந்த பெரிய பொதுக் கட்டடம் ஆபெரா மாளிகை. வான் டெர் ன்யூல், ஸிக்கார்ட்ஸ்பர்க் என்ற இரண்டு சிற்பிகள், மாணவப் பருவத்திலிருந்து நண்பர்கள், சேர்ந்து கட்டினார்கள். கட்ட ஆரம்பித்த பிறகு, எதிரே போகிற வீதியின் மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். வீதியின் மட்டம் சிற்பிகளின் கையில் இல்லை. ஆனால் மட்டம் உயர்ந்ததும் கட்டடம் தரையில் அமுங்கினது போல் ஆயிற்று. வியன்னாக்காரர்கள் கேலிக்குப் பேர் போனவர்கள். 'மூழ்கின பெட்டி' என்றார்கள். 1866ல் கோனிக்ராட்ஸ் போர்க்களத்தில் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா படுதோல்வி அடைந்திருந்தது. 'இது கட்டடக் கலையின் கோனிக்ராட்ஸ்' என்று ஒரு வாசகம் பிறந்து ஊரெல்லாம் சுற்றியது. சிற்பிகள் இருவருக்கும் பாணி என்பதே கிடையாது என்று பாட்டுக் கட்டினார்கள். சக்கரவர்த்தியும் ஏதோ சொன்னார் என்று பேச்சு. 1868 ஏப்ரல் 4ந் தேதி வான் டெர் ன்யூல் தூக்கு மாட்டிக்கொண்டார். இரண்டு மாதம் சொச்சத்தில் ஸிக்கார்ட்ஸ்பர்க்கும் நோயில் போனார். 1869 மே மாதம் மோட்ஸார்ட்டின் 'டான் ஜியோவானி'யுடன் ஆபெரா திறந்தபோது கட்டினவர்கள் இருவரும் இல்லை.

விமரிசனம்தான் கொன்றது என்று நான் அறுதியிடவில்லை. ஒரு மனிதன் தன்னை மாய்த்துக்கொள்வதற்கு ஒரே காரணம் இருப்பதில்லை. அவர் இயல்பாகவே மனச்சோர்வு உடையவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சக்கரவர்த்தி அன்றுமுதல் எந்தக் கலைக் காரியத்தைப் பற்றிக் கேட்டாலும் "மிகவும் அழகாக இருந்தது, எனக்குச் சந்தோஷம்" என்ற ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் ஜனங்கள் அதை நம்பினார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

இந்த இடத்தில் ஒரு சொந்த விஷயம். பல வருஷங்களுக்கு முன் ஒரு மாதப் பத்திரிகையில் ஓர் இளைஞரின் முதல் நாவலைப் பற்றி எழுதினேன். நாவல் சுமார்தான். நான் எழுதினது அதைவிடச் சுமார். முதல் வரியிலேயே ஒரு வேடிக்கை வாசகம் வந்து விழுந்தது. அதை விட மனசு வரவில்லை. பாக்கிக் கட்டுரையை அந்த வாசகத்துக்கு ஏற்றாற்போல் வளைத்துவிட்டேன். நண்பர்கள் அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இளைஞர் அப்புறம் எழுதவில்லை. என்னால்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு அகம்பாவம் இல்லை. உத்தியோகம், குடும்பம் என்று எத்தனையோ இருந்திருக்கும். ஆனால் பதிப்பாளர் நாவலின் நடுவில் இரண்டு அத்தியாயத்தை வெட்டியிருந்தார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் கேலி செய்த துள்ளல் அந்த வெட்டினால் வந்தது. வீதி மட்டத்தை உயர்த்தினவர் வேறு, ஏச்சு வாங்கினவர் வேறு.

ஆபெரா அமுங்கித் தெரிந்ததற்கு மற்றொரு காரணமும் இருந்தது. எதிர்ச் சாரியில் அதைவிடக் கம்பீரமாக ஒரு கட்டடம் நின்றது. ஹைன்ரிஷ்ஹோப் என்று பெயர். 1861லிருந்து 1863க்குள் தியோபில் ஹான்ஸன் என்ற சிற்பி கட்டியது. அரண்மனை போலிருக்கும், உண்மையில் வாடகை வீடு. கீழே கடைகள், முதல் மாடியில் பெரிய அறைகள், மேலே போகப் போகச் சின்ன ஜாகைகள். உலகத்திலேயே அழகான வாடகை வீடு என்று அதைப் புகழ்ந்தார்கள். அதன் சொந்தக்காரர் ஹைன்ரிஷ் டிராஷே. அவர் யார் என்றால், ஊருக்குத் தெற்கே வீனர்பெர்க் என்ற மேட்டில் இருந்த மாபெரும் செங்கல் சூளைகளின் முதலாளி. வளைய வீதிக் கட்டடங்களுக்குச் செங்கல் சப்ளை செய்ததில் பெரும் பங்கு அந்தச் சூளைகளுக்குத்தான். ஆக, கலைக்கென்று கட்டின மாளிகை குட்டையாகத் தெரிந்தது, அதற்குச் செங்கல் விற்றவரின் வீட்டுக்கு எதிரே நின்றதனால். ஒரு நாவலாசிரியன் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், குறியீடு ரொம்பப் பச்சையாக இருக்கிறது என்று நானே குறை சொல்லியிருப்பேன்.

பிறகு வந்த கட்டடங்கள் ஒவ்வொன்றும் ஒரு வேஷம். பார்லிமெண்டு கிரேக்கக் கோயில் மாதிரி. ஜனநாயகம் கிரேக்கத்தில் பிறந்ததாம். நகர மண்டபம் கூர்கோபுரங்களுடன் இடைக்காலத்துப் பாணி. நகர சுதந்திரம் அந்தக் காலத்தியதாம். சர்வகலாசாலை இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணி. கல்வி அப்போதுதான் மறுபடி பிறந்ததாம். நவராத்திரிக் கொலுவில் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் செட்டியார் பொம்மையும் அதற்குப் பக்கத்தில் வெள்ளைக்காரத் துரையும் இருப்பார்களே, அப்படி. ஒன்று மற்றொன்றோடு பேசுவதில்லை. எல்லாம் வீதியில் போகிறவனைப் பார்த்துக்கொண்டே நிற்கின்றன. 1879ல் சக்கரவர்த்தியின் வெள்ளிவிழாக் கல்யாணத்துக்கு ஹான்ஸ் மாகார்ட் என்ற சித்திரக்காரர் ஆயிரக் கணக்கானவர்களுக்குப் பழங்கால உடுப்புப் போட்டு இந்த வீதியில் ஊர்வலம் நடத்தினார். தாமும் ரூபன்ஸ் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வெள்ளைக் குதிரையில் வந்தார். வீதிக்கேற்ற ஊர்வலம். 1888 அக்டோபரில் திறந்த பர்க் நாடக சாலையில் பல ஆசனங்களிலிருந்து மேடை தெரியாது, பேச்சும் சரியாகக் கேட்காது. சில வருஷங்களில், 1897ல், உள்ளே இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. பார்லிமெண்டில் கேட்காது, நகர மண்டபத்தில் தெரியாது, நாடக சாலையில் இரண்டும் கிடையாது என்று ஊரில் ஒரு வேடிக்கை. இந்த வேடிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்தவன் சொன்னது.

இதற்குப் பிறகுதான் உயர்ந்த ரகத்து விமரிசனம் வருகிறது. 1889ல் காமில்லோ ஸிட்டே என்பவர் நகர நிர்மாணத்தின் கலைத் தத்துவங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய ஊர்களின் சதுக்கங்களில் நாலு பக்கமும் சுவர் அணைத்துக்கொள்வது போல் இருக்கும். மனிதன் அங்கே நின்று பேசுவான். வளைய வீதியில் கட்டடங்கள் வெட்டவெளியில் தனித் தனியாக நிற்கின்றன. மனிதனுக்கு வெட்டவெளிப் பயம் வந்துவிடுகிறது என்றார். பெரிய கட்டடங்களைச் சுற்றிச் சிறு கட்டடங்களை எழுப்பி முற்றங்கள் உண்டாக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினார். யாரும் செய்யவில்லை. 1898ல் அடால்ப் லோஸ் என்ற இளைஞர் இன்னும் கடுமையாகத் தாக்கினார். ரஷ்ய ராணி காதரீனின் கண்ணை ஏமாற்ற மந்திரி போட்டெம்கின் துணியாலும் அட்டையாலும் கிராமங்களை ஜோடித்து வைத்தான் என்று ஒரு கதை உண்டு. வியன்னாவும் அந்த மாதிரி ஊர்தான் என்றார். ஒண்டுக் குடித்தனக்காரன் பிரபு வீட்டில் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, அச்சில் வார்த்த சிமிட்டி அலங்காரங்களை முகப்பில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். ஏழ்மை வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல, வேஷம்தான் வெட்கக்கேடு என்பது அவர் வாதம்.

இருவரும் பெரிய விமரிசகர்கள். மனிதனைக் கேலி செய்யாமல் வீதியைக் கேள்வி கேட்டார்கள். அமெரிக்கச் சரித்திராசிரியர் கார்ல் ஷோர்ஸ்கே, 1981ல் புலிட்ஸர் பரிசு பெற்ற தம்முடைய வியன்னா நூலில், இந்த வீதியையும் ஸிட்டேயையும் ஓட்டோ வாக்னரையும் வைத்து ஒரு யுகத்தின் மனசையே திறந்து காட்டுகிறார். நாவல் மாதிரிப் படிக்கலாம். ஆனால் ஒன்று. ஸிட்டே முற்றத்தைப் பார்த்தார். லோஸ் பூச்சைப் பார்த்தார். பூச்சுக்குக் கீழே செங்கல் இருக்கிறது. செங்கல்லைப் பார்க்க ஒரு டாக்டர்தான் வரவேண்டியிருந்தது.

விக்டர் ஆட்லர் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்த வைத்தியர். 1888 கடைசியில், பர்க் நாடக சாலை திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், வேற்று உடையில் வீனர்பெர்க் சூளைகளுக்குள் நுழைந்து பார்த்தார். பார்த்ததைத் தம்முடைய 'சமத்துவம்' என்ற பத்திரிகையில் எழுதினார். டிராஷே காலமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது; சூளைகள் கம்பெனி கையில். பெரும்பாலும் பொஹீமியா, மொரேவியாவிலிருந்து வந்த செக் ஜனங்கள். கூலி பணமாகக் கிடையாது, தகர வில்லை. அந்த வில்லை சூளை வளவுக்குள் இருக்கிற கடையில் மட்டும் செல்லும். அங்கே எல்லாம் விலை அதிகம், சரக்கு மட்டம். வெளியே போய் வாங்கினால் வேலை போய்விடும். ஒரே அறையில் பல குடும்பங்கள். சிலர் சூட்டுக்காகச் சூளைமேலேயே படுத்தார்கள். பல ஆண்கள் படுத்திருந்த கூடத்தில் ஒருத்திக்குப் பிரசவம் ஆயிற்று.

ஆட்லர் இதை எழுதின விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வில்லைக்கு என்ன மதிப்பு, ரொட்டிக்கு என்ன விலை, எத்தனை பேர் எங்கே படுக்கிறார்கள் என்று வைத்தியர் நோயாளியைப் பரிசோதிக்கிற மாதிரி எழுதுகிறார். ஆத்திரத்தைக் கணக்கு தாங்கிக்கொண்டு நிற்கிறது. வளைய வீதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினதாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வளைய வீதியைப் பற்றி வந்த விமரிசனங்களில் இதுதான் முழுமையானது என்று எனக்குத் தோன்றுகிறது. சுமை வீதி எதற்காகப் போடப்பட்டது என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. ஷோர்ஸ்கேயின் அபாரமான நூலை மூடி வைத்த பிறகும் எனக்கு இந்த ஒரு குறை பாக்கி நிற்கிறது: அதில் செங்கல் வெறும் செங்கல்லாகவே இருந்துவிடுகிறது.

நாவலாசிரியர்கள் என்ன செய்தார்கள்? நம்மில் பலர் தமிழிலேயே படித்திருக்கும் ஸ்டெபான் ஸ்வைக் இந்த வளையத்தின் ஒரு பகுதியான ஷாட்டன்ரிங்கில் 1881 நவம்பர் 28ந் தேதி பிறந்தார். பத்தாம் நாள், டிசம்பர் 8ந் தேதி, அதே ஷாட்டன்ரிங்கில் இருந்த ரிங் நாடக சாலை தீப்பிடித்தது. காஸ் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ஜனங்கள் இருட்டில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். வெளியே நின்ற போலீஸார் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் கணக்குப்படியே 384 பேர் மாண்டார்கள். முகப்புக்குக் கொடுத்த கவனத்தில் கொஞ்சம் வாசல் கதவுக்குக் கொடுத்திருக்கலாம். அந்த இடத்தில் சக்கரவர்த்தி பிராயச்சித்தமாக ஒரு குடியிருப்பு மாளிகை கட்டினார். அங்கே குடிபோக ஜனங்கள் தயங்கினார்கள். குடிபோனவர்களில் ஒருவர், 1886ல் கல்யாணமான ஸிக்மண்ட் பிராய்ட்.

ஸ்வைக் தம்முடைய சுய சரிதத்தில், சிறு வயதில் பார்த்த முதல் மே தின ஊர்வலத்தைச் சொல்கிறார். தொழிலாளிகள் வருகிறார்கள் என்று பணக்காரர்கள் கதவையும் கடையையும் சாத்திக்கொண்டார்கள். வந்தவர்களோ பெண்டு பிள்ளைகளோடு, சட்டையில் சிவப்புப் பூவோடு, வரிசை கலையாமல் பிராட்டர் பூங்காவுக்கு நடந்து போனார்கள். அது 1890 மே 1ந் தேதி. சக்கரவர்த்தி வளைய வீதியைத் திறந்து வைத்த நாளிலிருந்து சரியாக 25 வருஷம். ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் முதல்வரான ஆட்லர், தம் பத்திரிகை எழுத்துக்காக அன்றைக்குச் சிறையில் இருந்தார். பிற்பாடு மே தின ஊர்வலம் வளைய வீதிக்கே வந்துவிட்டது. ஸ்வைக் அந்தக் காட்சியை அன்போடுதான் எழுதுகிறார். ஆனால் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு எழுதுகிற அன்பு. ராபர்ட் முஸில் அப்படியில்லை. சக்கரவர்த்தியின் எழுபதாவது ஆட்சி விழாவை 1918ல் பிரமாதமாகக் கொண்டாட வேண்டும் என்று 1913ல் கமிட்டி போடுகிறார்கள் அவருடைய பெரிய நாவலில். 1918ல் சக்கரவர்த்தியும் இருக்கமாட்டார், சாம்ராஜ்யமும் இருக்காது என்பது வாசகனுக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. முகப்பு மட்டும் உள்ள ஒரு நாட்டைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எழுதினதில்லை. கொஞ்சம் நீளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீதியின் பிற்பாடு சரித்திரத்தைப் பெயர்ப் பலகையில் படிக்கலாம். பார்லிமெண்டுக்கு முன்னால் இருக்கிற துண்டுக்கு 1919ல் குடியரசு பிறந்த நாளின் பெயர். 1934ல் ஒரு பாதிரியார் பிரதம மந்திரியின் பெயர். 1940ல் ஒரு நாஜி அதிகாரியின் பெயர். 1956லிருந்து கார்ல் ரென்னரின் பெயர். சர்வகலாசாலைக்கு முன்னால், யூத துவேஷத்தை அரசியலாக்கின மேயர் லூயகரின் பெயர் 2012 வரையில் இருந்தது. யூதக் குடும்பங்கள் கட்டின மாளிகைகள் 1938ல் பறிபோன கதையை, அப்படி ஒரு குடும்பத்தின் வாரிசான எட்மண்ட் டி வால் 2010ல் எழுதினார். ஹான்ஸன் கட்டின எப்ருஸ்ஸி மாளிகை அவர்களுடையது. பொம்மை அளவுச் சிற்பங்களை வேலைக்காரி ஒருத்தி மெத்தைக்குள் ஒளித்துக் காப்பாற்றினாள் என்று அதில் வருகிறது. மாளிகையைவிட அந்த மெத்தைதான் என் ஞாபகத்தில் தங்கியது.

1945 மார்ச் 12ந் தேதி குண்டு விழுந்து ஆபெராவின் மேடையும் மண்டபமும் எரிந்தன. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. எதிர்ச் சாரியில் ஹைன்ரிஷ்ஹோப்பும் சிதைந்தது. அதை 1954ல் இடித்துவிட்டு அங்கே சாதாரண ஆபீஸ் கட்டடம் ஒன்று கட்டினார்கள். ஆபெராவை மட்டும், வெளித் தோற்றம் மாறாமல், பழையபடி எழுப்பினார்கள். 1955 நவம்பர் 5ந் தேதி பீத்தோவனின் 'பிடேலியோ'வுடன் திறந்தபோது உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே வீதியில் கூடி நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அவர்கள் நின்ற வீதியின் மட்டம் அதே உயரத்தில்தான் இருந்தது.